மூன்று பேருக்கு ஒரு வண்டி

கிளைபேடா துறைமுகத்தில் காற்று மிஞ்சி
கிரேன்களை நிறுத்திவைத்த இரவு.
வேலையில்லாத ரிம்விதாஸ் கணினி முன் உட்கார்ந்து
சாப்பாட்டுக்கு முன்பே பதினெட்டு தடவை
வண்டியின் செட்டப்பை மாற்றிவிட்டான்.

நான் பல் செய்கிறவள்.
பீங்கான் பல் ஒரு மயிரிழை உயர்ந்தாலும்
பிளாஸ்டர் தாடை ஒப்புக்கொள்ளாது.
நடுவே நீலத்தாள் வைத்துக் கடிக்கவிட்டு
மை பதிந்த புள்ளியை மட்டும் தேய்ப்பேன்.
தேய்த்துவிட்டு மறுபடி கடிக்கவிடுவேன்.
அந்தப் புத்தியில்தான் சொன்னேன்:
ஒன்றை மாற்று, ஐந்து சுற்று ஓட்டு,
அப்புறம் பேசு.

கேட்டானா?
பின் விங்கைச் சரித்தான், டயரில் காற்றைக் கூட்டினான்,
பின்பக்க ஸ்பிரிங்கைக் கல்லாக்கினான்,
எல்லாம் ஒரே மூச்சில்.
வேகம் வந்தது.
எதனால் வந்தது என்று
அவனுக்கும் தெரியாது, வண்டிக்கும் தெரியாது.

எவால்தாஸ் எங்கள் மூன்றாமவன்.
மணல்திட்டுக்குப் போகும் படகில் டிக்கெட் கொடுக்கிறான்.
ஆறு மணி நேரப் பந்தயத்தில் இரண்டு மணி அவனுடையது.
வண்டியைக் கைமாற்றலாம்,
செட்டப்பைக் கைமாற்ற முடியாது.
ஓட்டுகிறவர் மூவர், கோப்பு ஒன்று.

ஏழாம் வளைவில் அந்த வண்டி
அவனிடம் வாலை ஆட்டியது.
ஆட்டியதா, சாட்டையாய்ச் சுழற்றியது.
மூன்று பயிற்சி, மூன்று தடவை வேலிக்குள்.
ஒவ்வொரு முறையும் ஹெட்போனில் அதே குரல்:
“மன்னிச்சுக்கோங்க, சீக்கிரம் மிதிச்சிட்டேன்.”

“ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணல்”
என்றான் ரிம்விதாஸ்,
மைக்கை அணைக்க மறந்து.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
எவால்தாஸின் ஜன்னல் வழியாக
கடைசிப் படகு ஊதுவது மட்டும்
எங்கள் இருவர் காதிலும் கேட்டது.

மறுநாள் பட்டறையில் இருந்து வந்ததும்
அவன் ஓட்டத்தின் கோடுகளை விரித்தேன்,
ரிம்விதாஸின் கோடுகள்மேல் வைத்து.
பிரேக்கை விடும் இடம், ஸ்டீயரிங் திரும்பும் இடம்,
வலதுகால் இறங்கும் இடம்.
சீக்கிரம் மிதிக்கவில்லை அவன்.
இரண்டு மீட்டர் தள்ளியே மிதித்திருக்கிறான்.
வழுக்கிய பின் திருப்பிப் பிடிக்கும் கைதான்
ரிம்விதாஸுக்கு இருக்கிறது, அவனுக்கு இல்லை.
பின் டயர்கள் இரண்டும் அடுப்புக்கல்லாய்ச் சிவந்திருந்தன.

கூடம் கோணல்தான்.

பின் விங் இரண்டு படி மேலே. ஐந்து சுற்று.
ஸ்பிரிங்கை இளக்கினேன். ஐந்து சுற்று.
டயர் காற்றை இறக்கினேன்; அது தப்பு, திரும்ப ஏற்றினேன்.
பிரேக்கின் பங்கை முன்பக்கம் ஒரு துளி தள்ளினேன்.
தட்டில் பீட்ரூட் சூப்
சூடாக வைத்தது, குளிர்ந்தே குடிப்பது போல் ஆனது.
இரண்டு மணிக்குக் கோப்பைச் சேமித்தேன்.
பெயர் கேட்டது. ‘எவால்தாஸ் 9’ என்று கொடுத்தேன்.

“இது வண்டியா, பிரிட்ஜா?” என்றான் ரிம்விதாஸ்.
சுற்றுக்கு நாலு பத்தில் ஒரு நொடி போய்விட்டதாம்.
அவனுக்குப் போனது உண்மை.
எவால்தாஸுக்கு ஒன்றேகால் நொடி வந்ததை
நான் சொல்லவில்லை.

பந்தய நாளில் எவால்தாஸ்
அறுபத்தொரு சுற்று ஓட்டினான்.
பேசவே இல்லை. நடுவில் ஒரே ஒரு தடவை,
“இங்கே ஒரு பாலம் இருக்கு, கவனிச்சீங்களா?” என்றான்.
இத்தனை வாரமாய்ச் சாலையை மட்டும் முறைத்தவன்.

வேலிக்குள் போனது ரிம்விதாஸ்தான்.
வராத வாலுக்காகக் கையைத் தயாராய் வைத்து
வளையாமல் நேரே போனான்.
பதினான்காவதாக முடித்தோம்.
கோப்பை ஒன்றும் இல்லை, கொஞ்சம் பசி இருந்தது.

ராத்திரி அந்தக் கோப்பை
யாரோ திறந்திருப்பதைத் திரை காட்டியது.
“என்ன செய்யறே?” என்றேன்.
“முன் சக்கரக் கோணம்” என்றான் ரிம்விதாஸ்.
“அது மட்டும்தானே?”
பதில் வர நேரமானது.
“அது மட்டும்தான். ஐந்து சுற்று ஓட்டிட்டு
எவால்தாஸிடம் கேக்கறேன்.”